கையெழுத்தே போடாத ஆன்லைன் லோன் சட்டப்படி செல்லுமா? நம்ம நீலகிரிக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நேரா பதிலுக்கு வந்துடறேன். செல்லும். போன்ல ஓடிபி போட்டு வாங்குன லோனுக்கு, பேனா புடிச்சு கையெழுத்து போடலைங்கிற ஒரே காரணத்த வச்சு "இது செல்லாது"ன்னு எந்த கோர்ட்லயும் தப்பிக்க முடியாது. ஆனா அதுக்காக ஆப்ல வந்த எல்லா லோனும், அவங்க போட்ட எல்லா வட்டியும், அவங்க பண்ற எல்லா மிரட்டலும் சட்டப்படி சரின்னு அர்த்தம் இல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுனாலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

நான் கோத்தகிரியில ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் போட்டுத் தர்ற சின்ன கடை வச்சிருக்கேன். பச்சைத் தேயிலை காசு ஃபேக்டரியில இருந்து வர லேட்டாகுற மாசம், பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற ஜூன் மாசம், இந்த சமயத்துலதான் லோன் ஆப் சம்பந்தமா ஆளுங்க அதிகமா வருவாங்க. நோட்டீஸ பிரிண்ட் எடுக்க வர்றவங்க முக்கால்வாசி பேர் கேக்குறது ஒரே கேள்வி, "தம்பி, நான் எங்கயும் கையெழுத்து போடவே இல்லியே, அப்புறம் எப்படி எனக்கு நோட்டீஸ் வரும்?" புதுசா ஆன்லைன் லோன் பக்கம் போறவங்க, இப்பதான் முதல் தடவை ஒரு ஆப்ப டவுன்லோட் பண்ணி வச்சிட்டு யோசிக்கிறவங்க, அவங்களுக்காக மெதுவா சொல்றேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நம்ம நாட்டுல ஒப்பந்தத்துக்கு அடிப்படை 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதோட 10ஆவது பிரிவு கேக்குறது, ரெண்டு பக்கமும் மனசார ஒத்துக்கணும், ஒப்பந்தம் போடுற தகுதி இருக்கணும் (18 வயசு முடிஞ்சிருக்கணும், சுயநினைவோட இருக்கணும்), குடுக்கல் வாங்கல் சட்டத்துக்கு உட்பட்டதா இருக்கணும், அவ்வளவுதான். கடன் ஒப்பந்தம்னா பேப்பர்ல இருக்கணும், பேனாவால கையெழுத்து போட்டிருக்கணும்னு அதுல எங்கயும் இல்ல. வாயால பேசி கைமாத்து குடுத்தாலே கடன் கடன்தான், நிரூபிக்கிறதுதான் கஷ்டம்.

அதுக்கு மேல 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஐடி ஆக்ட்னு சொல்லுவாங்க, அதுல "10ஏ"ன்னு ஒரு பிரிவ 2008 திருத்தத்துல சேத்தாங்க. எலக்ட்ரானிக் முறையில போட்டாங்கங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாம போகாதுன்னு அதுல தெளிவா இருக்கு. 2010ல டிரைமெக்ஸ், வேதாந்தா கம்பெனிங்களுக்கு நடுவுல வந்த வழக்குல, வெறும் ஈமெயில்ல பேசி முடிச்ச ஒப்பந்தமே செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அது கோடிக்கணக்குல நடந்த வியாபாரம், நம்மளோட பத்தாயிரம் ரூபா லோனுக்கும் அதே தத்துவம்தான்.

ஓடிபில எத்தன வகை இருக்குன்னு பாருங்க

இத கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா கடைக்கு வர்ற யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியறதில்ல.

ஒண்ணு ஆதார் இசைன். ஆதார் நம்பர போட்டு, ஆதாரோட சேந்த மொபைலுக்கு வர்ற ஓடிபிய குடுத்து போடுறது. இது சட்டப்படி முழு கையெழுத்து. அந்த ஓடிபிய போட்ட உடனே அரசாங்க லைசென்ஸ் வாங்குன ஒரு சான்றளிக்கும் கம்பெனி உங்க பேர்ல டிஜிட்டல் சான்றிதழ் உண்டாக்கி அந்த பிடிஎஃப் மேல கையெழுத்தா ஒட்டிடும், அதுக்கப்புறம் அந்த டாக்குமெண்ட்ல ஒரு எழுத்த மாத்துனாகூட கையெழுத்து தப்புன்னு காட்டிக் குடுத்துடும். அதனால இத "நான் போடல"ன்னு மறுக்கிறது ரொம்ப கஷ்டம்.

இன்னொண்ணு சாதாரண மொபைல் ஓடிபி, இல்லன்னா "ஐ அக்ரி" பொட்டிய டிக் பண்றது. ஐடி ஆக்ட் சொல்ற கணக்குல இது எலக்ட்ரானிக் கையெழுத்துன்னு வராது, ஆனா சம்மதம்னு வரும். முன்னாடி சொன்ன 10ஏ பிரிவுக்கு அது போதும். இதுல நிரூபிக்க வேண்டிய பொறுப்பு லோன் குடுத்தவங்க தலையில, எந்த நம்பருக்கு ஓடிபி போச்சு, எத்தன மணிக்கு போட்டாங்க, எந்த போன், எந்த ஐபி அட்ரஸ்னு கம்ப்யூட்டர் பதிவ எடுத்து, 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த புது சாட்சியச் சட்டத்தோட 63ஆவது பிரிவுப்படி சர்டிபிகேட்டோட கோர்ட்ல குடுக்கணும். பழைய சட்டத்துல இது "65பி"ன்னு இருந்துச்சு. ஆனா உண்மையச் சொல்லணும்னா, அவங்க கையில இருக்கிற பெரிய சாட்சி ஓடிபி இல்ல, உங்க பேங்க் பாஸ்புக்தான். காசு உங்க அக்கவுண்ட்ல ஏறியிருக்கு, நீங்க எடுத்து செலவு பண்ணியிருக்கீங்க, ரெண்டு தவணை கட்டியும் இருக்கீங்க, அப்புறம் "நான் ஒப்பந்தமே போடல"ன்னா யார் நம்புவா?

ஸ்கிரீன்ல விரலால கிறுக்குற கையெழுத்து, செல்ஃபி வீடியோல "நான் சம்மதிக்கிறேன்"னு சொல்றது, இதெல்லாம் சம்மதத்துக்கு துணை சாட்சி. அவ்வளவுதான்.

புரோநோட்டு விஷயம் வேற

நம்ம ஊர்ல கடன்னாலே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து போடுற புரோநோட்டுதான் ஞாபகம் வரும். அத ஆன்லைன்ல போட முடியுமா? ஐடி ஆக்ட்ல ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு, உயில், டிரஸ்ட் பத்திரம், புரோநோட்டு இதெல்லாம் எலக்ட்ரானிக்கா போட்டா அந்த ஆக்டோட பாதுகாப்பு கிடையாது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் ஆர்பிஐ (ரிசர்வ் பேங்க்) மாதிரி அமைப்புகளோட கட்டுப்பாட்டுல இருக்கிற பேங்க், நிதி கம்பெனிங்களுக்கு டிமாண்ட் புரோநோட்டு (கேட்டா உடனே கட்டணும்னு எழுதுறது) மட்டும் எலக்ட்ரானிக்கா எழுதிக் குடுக்கலாம்னு தளர்த்தியிருக்காங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல புரோநோட்டு ஃபோட்டோ அனுப்புனா அது புரோநோட்டு ஆகாது, நீங்க யாருக்காச்சும் கைமாத்து குடுக்கிறீங்கன்னா காசை கையில குடுக்காம ஜிபேல அனுப்புங்க, "இவ்வளவு கடனா வாங்கிருக்கேன், இந்த தேதிக்குள்ள திருப்பித் தர்றேன்"னு அவங்க கையால ஒரு மெசேஜ் வாங்கி வச்சுக்கோங்க. புரோநோட்டா செல்லாட்டியும் கடனுக்கு சாட்சியா நிக்கும்.

தோட்டத்த புடிச்சிடுவாங்களான்னு நிறைய பேர் பயந்து போய் கேக்குறாங்க. ஆப் லோன்ல அடமானமே இல்ல. சொத்து அடமானத்துக்கு சாட்சி கையெழுத்தோட ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், இல்ல மூலப்பத்திரத்தையே கொண்டுபோய் குடுத்திருக்கணும், ஓடிபி போட்டு உங்க அரை ஏக்கர் தேயிலைய அடமானம் ஆக்க முடியாது. கேஸ் போட்டு, டிகிரி (கோர்ட்டோட தீர்ப்பு உத்தரவு) வாங்கி, அதுக்கப்புறம் ஜப்திக்கு மனு போட்டாதான் சொத்து பக்கமே வர முடியும்.

இனி லோன் எடுக்கப் போறவங்களுக்கு, வரிசையா

ஆப்ப இறக்குறதுக்கு முன்னாடி காசு குடுக்கிறது யாருன்னு கண்டுபிடிங்க. ஆப்போட பேர் ஒண்ணா இருக்கும், பின்னாடி லோன் குடுக்கிற பேங்கோ நிதி கம்பெனியோ வேறயா இருக்கும். அந்த கம்பெனி பேரு ஆர்பிஐ பட்டியல்ல இருக்கா பாருங்க. 2025 ஜூலைல இருந்து, பேங்குகளும் நிதி கம்பெனிகளும் பயன்படுத்துற லோன் ஆப்களோட பட்டியலையே ஆர்பிஐ தன்னோட வெப்சைட்ல போட்டிருக்கு. அதுல இல்லாத ஆப், லிங்க் அனுப்பி ஏபிகே ஃபைலா (ப்ளே ஸ்டோர் வழியா இல்லாம நேரா போன்ல போடுறது) இறக்கச் சொல்ற ஆப், ரெண்டையும் தொடவே தொடாதீங்க.

அடுத்தது பர்மிஷன். கான்டாக்ட், கேலரி, கால் லிஸ்ட் இதையெல்லாம் லோன் ஆப் தொடவே கூடாதுன்னு ஆர்பிஐ விதி இருக்கு, 2022 செப்டம்பர்ல முதல்ல வந்துச்சு, 2025 மே மாசம் திரும்ப விரிவா போட்டாங்க. கேஒய்சிக்காக (ஆள் நீங்கதானான்னு சரிபாக்குறது) கேமரா, மைக், லொகேஷன் மட்டும் உங்க சம்மதத்தோட ஒரு தடவை கேக்கலாம். கான்டாக்ட் கேக்குதுன்னா அது நல்ல ஆப் இல்லன்னு அந்த இடத்துலயே முடிவு பண்ணிடலாம், வேற ஆராய்ச்சியே வேணாம்.

இப்ப முக்கியமானது, கேஎஃப்எஸ். கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்னு ஒரு ரெண்டு மூணு பக்கம் பேப்பர், ஒப்பந்தத்துக்கு முன்னாடி உங்களுக்கு காட்டியே ஆகணும். 2024 அக்டோபர் 1ல இருந்து பேங்க், நிதி கம்பெனி எல்லாரும் தனிநபர்களுக்கு புதுசா குடுக்கிற டேர்ம் லோன் (இத்தன மாசத்துல கட்டணும்னு கெடு வச்ச லோன்) எல்லாத்துக்கும் இது கட்டாயம். இது உங்களுக்கு புரியுற மொழியில இருக்கணும், படிச்சு விளக்கிட்டு, புரிஞ்சுதுன்னு உங்ககிட்ட ஒப்புதல் வாங்கணும்ங்கிறதும் விதியில இருக்கு. அதனால தமிழ்ல குடுங்கன்னு கேக்குறது உங்க உரிமை, தயங்காம கேளுங்க. ஏழு நாளோ அதுக்கு மேலயோ ஓடுற லோன்னா, கேஎஃப்எஸ் குடுத்த அப்புறம் குறைஞ்சது மூணு வேலைநாள் யோசிக்க டைம் குடுக்கணும், அதுவரைக்கும் அதுல இருக்கிற கணக்க அவங்க மாத்தக்கூடாது. "இன்னும் பத்து நிமிஷத்துல ஆஃபர் போயிடும்"னு ஸ்கிரீன்ல ஓடுற கடிகாரத்தப் பாத்து பதறாதீங்க.

அதுல ஏபிஆர்னு ஒரு வரி இருக்கும், வட்டி, ஃபீஸ் எல்லாம் சேத்து வருஷத்துக்கு எத்தன சதவீதம் ஆகுதுன்னு காட்டுறது, மத்த எதையும் படிக்கலன்னாலும் அத படிங்க. ஒரு கணக்கு சொல்றேன். பத்தாயிரம் லோன், மாசம் 2 சதவீத வட்டி, மூணு மாசம். கேக்க நல்லா இருக்கு, வருஷத்துக்கு 24தானேன்னு தோணும். பிராசஸிங் ஃபீஸ் 700, அதுக்கு ஜிஎஸ்டி 126, மொத்தம் 826 ரூபாய முன்னாடியே புடிச்சிட்டு கையில குடுக்கிறது 9,174. நீங்க மாசம் 3,467 ரூபா கிட்ட மூணு தவணை கட்டுவீங்க. வட்டி நானூறு ரூபாதான், ஆனா ஃபீஸையும் சேத்து, கையில வந்த காசுக்கு கணக்கு போட்டா வருஷத்துக்கு 70 சதவீதத்த தாண்டிடும். கேஎஃப்எஸ்ல இல்லாத எந்த சார்ஜையும் பின்னாடி உங்க சம்மதம் இல்லாம அவங்க போட முடியாது, அதனாலதான் அந்த பேப்பர் உங்க கையில இருக்கணும்னு இவ்வளவு சொல்றேன்.

காசு உங்க பேங்க் அக்கவுண்டுக்கு நேரா வரணும், நீங்க திருப்பிக் கட்டுறதும் லோன் குடுத்த கம்பெனியோட அக்கவுண்டுக்கு நேரா போகணும். ஏஜெண்டோட சொந்த யுபிஐக்கு அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க, அங்க கட்டுன காசு உங்க லோன்ல வரவு ஆகாமலே போகலாம்.

ஓடிபி போடுற அந்த நிமிஷம்

இங்கதான் நம்ம மலைக்கே உண்டான பிரச்சினை இருக்கு. மஞ்சூர் பக்கமோ, கூடலூர் பந்தலூர்ல எஸ்டேட் லைன் வீடுகள்லயோ சிக்னல் ஒழுங்கா கிடைக்காது. மழை நாள்னா இன்னும் மோசம். ஓடிபி வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். அதனால டவுனுக்கு வர்றப்ப போனையே கடையில குடுத்துட்டு "நீங்களே போட்டுடுங்க தம்பி, நான் பஸ்ஸுக்கு போறேன்"ன்னு சொல்றவங்க இருக்காங்க, சிம்ம கழட்டி ஏஜெண்ட்கிட்ட குடுக்கிறவங்ககூட இருக்காங்க. தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க. எந்த கடையா இருந்தாலும் பண்ணாதீங்க, என் கடையிலயும் பண்ணாதீங்க. வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து போட்டு ஊரான் கையில குடுக்கிற மாதிரிதான் அது.

போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க, மகளிர் குழுவுக்கு ஏதோ மெம்பர்ஷிப்னு சொல்லி ஒருத்தர் ஆதார் ஓடிபி கேட்டிருக்காரு. மெசேஜ எடுத்து பாத்தா, லோன் அக்ரிமெண்டுக்கு இசைன் பண்ண இந்த ஓடிபின்னு இங்கிலீஷ்ல இருக்கு. அந்த அக்காவுக்கு ஆறு நம்பர் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு. நல்லவேளை அவங்க சொல்லாம வந்துட்டாங்க. அதனால ஓடிபி மெசேஜ்ல நம்பர மட்டும் பாக்காம, எதுக்காக வந்திருக்குன்னு முழு வரியையும் யாரையாச்சும் படிக்கச் சொல்லி கேளுங்க, அப்புறம் உங்க கையாலயே போடுங்க. "ஐ அக்ரி" பக்கத்துல ஏற்கனவே டிக் போட்ட பொட்டிங்க இருந்தா அத எடுத்துட்டு படிங்க, இன்சூரன்ஸ் அப்படித்தான் ஒட்டிக்கிட்டு வரும்.

அதோடவே இநாச்னு ஒண்ணு வரும், மாசாமாசம் உங்க அக்கவுண்ட்ல இருந்து தவணைய தானா எடுத்துக்க நீங்க குடுக்கிற அனுமதி. இத சாதாரணமா நினைச்சிடாதீங்க. கடன் கட்ட முடியாம போறது சிவில் விவகாரம், அதுக்கு ஜெயில் கிடையாது. ஆனா அக்கவுண்ட்ல காசு இல்லாம இநாச் திரும்புச்சுன்னா, 2007ஆம் வருஷத்து பணப்பட்டுவாடா சட்டத்தோட 25ஆவது பிரிவுல செக் பவுன்ஸ் மாதிரியே கிரிமினல் கேஸ் போட இடம் இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை. அதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்து, 15 நாள் டைம் குடுக்கணும், அந்த நோட்டீஸ தூக்கி போட்டுடாதீங்க. தவணை தேதிய தேயிலை காசு வர்ற தேதிக்கு அப்புறமா வைக்கச் சொல்லி முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க.

லோன் வந்த அன்னைக்கே

கையெழுத்தான அக்ரிமெண்ட், கேஎஃப்எஸ், சாங்ஷன் லெட்டர் எல்லாம் உங்க ஈமெயிலுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ தானா வந்து சேரணும், அது அவங்க கடமை. வரலன்னா அன்னைக்கே எழுதிக் கேளுங்க. வந்தத பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு வைக்கிற கவர்லயே வச்சிடுங்க, ஆப்ப அழிச்சிட்டா, போன் தேயிலைக்காட்டுல விழுந்து போச்சுன்னா அப்புறம் உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது, அவங்ககிட்ட எல்லாமே இருக்கும்.

மனசு மாறிட்டா கூலிங் ஆஃப்னு ஒரு காலம் இருக்கு, குறைஞ்சது ஒரு நாள், எத்தன நாள்னு கேஎஃப்எஸ்ல இருக்கும். அதுக்குள்ள அசலையும் அத்தன நாளைக்கு உண்டான செலவையும் மட்டும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். பிராசஸிங் ஃபீஸ மட்டும், கேஎஃப்எஸ்ல முன்னாடியே சொல்லியிருந்தா, புடிச்சுக்கலாம்.

ஏற்கனவே மாட்டியிருந்தா

நீங்க எடுக்காத லோன் உங்க பேர்ல இருந்தா, ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க. 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் பதிவு பண்ணுங்க, லோன் குடுத்த கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க, அக்ரிமெண்ட் காப்பியும் ஓடிபி போன நம்பரும் காசு போன அக்கவுண்டும் என்னன்னு கேளுங்க. காசு உங்க அக்கவுண்டுக்கு வரவே இல்லன்னா அதுதான் உங்க பலமான சாட்சி. அடுத்தவங்க ஓடிபியையோ டிஜிட்டல் கையெழுத்தையோ ஏமாத்தி பயன்படுத்துறது ஐடி ஆக்ட் 66சி பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் போற குத்தம். சிபில் ரிப்போர்ட்லயும் (உங்க கடன் வரலாறு இருக்கிற பதிவு) இது தப்புன்னு டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளுக்குள்ள தீக்கலன்னா நாளைக்கு 100 ரூபா உங்களுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு ஆர்பிஐ விதி.

எடுத்த லோன்தான், கட்ட முடியல, மிரட்டுறாங்கன்னா, ரெக்கவரி ஏஜெண்ட் காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது. உங்க சொந்தக்காரங்களுக்கு மெசேஜ் போடுறது, ஃபோட்டோவ மார்ஃப் பண்றது எல்லாம் குத்தம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1930லயே சொல்லுங்க. லோன் அப்ளிகேஷன்ல ரெஃபரன்ஸா போட்ட நம்பர்காரங்க ஜாமீன்தாரர் கிடையாது, அவங்க சம்மதிக்காம ஒரு ரூபாகூட அவங்ககிட்ட கேக்க முடியாது. இத அவங்களுக்கும் சொல்லி வைங்க, பாவம், பயந்துபோய் கட்டிடுறாங்க. கம்பெனிக்கு எழுதி 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேனுக்கு (பேங்க், நிதி கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) போகலாம், ஃபீஸ் கிடையாது, 14448க்கு போன் பண்ணி எப்படி போடுறதுன்னு கேக்கலாம்.

வாட்ஸ்அப்ல வர்ற "கோர்ட் நோட்டீஸ்" பாதி பொய்யா இருக்கும், அதுல இருக்கிற கேஸ் நம்பர இகோர்ட்ஸ்ங்கிற கோர்ட்டுங்களோட வெப்சைட்ல போட்டு பாருங்க. உண்மையா இருந்தா போகாம இருந்துடாதீங்க, ஆள் வரலன்னா ஒருதலைப்பட்சமா டிகிரி ஆயிடும். ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய ஒரு நடுவர வச்சு தீக்குறது) நோட்டீஸ் வந்தாலும் அப்படித்தான், பதில் போடுங்க. லோன் குடுத்தவங்களே தன்னிச்சையா ஆர்பிட்ரேட்டர போட முடியாதுன்னு 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னத காட்டி எதிர்க்க இடம் இருக்கு.

வக்கீலுக்கு காசு இல்லன்னு உக்காந்துடாதீங்க. பொம்பளைங்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும், வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கும் 1987 சட்டப்படி வக்கீல் இலவசம். ஊட்டியில மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. போறப்ப ஆதார் காப்பி, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், ஓடிபி மெசேஜ் இருக்கிற போன், வந்த நோட்டீஸ் கவரோட, கேஎஃப்எஸ் இருந்தா அதுவும் கையில எடுத்துட்டு போங்க, மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க.